கடைசி இருபது நிமிடங்கள்

ஒலுவில் கடற்கரையில் அஸர்த் தொழுகை முடிந்த சற்று நேரத்துக்கெல்லாம் உதைபந்தாட்டம் தொடங்கிவிடும். வெயில் தணிந்திருக்கும், கச்சான் காற்று ஓய்ந்து கடற்காற்று எழத் தொடங்கியிருக்கும். இரண்டு கம்புகளை மணலில் நட்டு, குறுக்கே ஒரு பழைய வலைக்கயிற்றைக் கட்டினால் கோல் கம்பம் தயார். காரைதீவிலிருந்து நாள்தோறும் இவ்வூர்க் கலாசாலைக்கு வந்து படிப்பிக்கும் அடியேன், பஸ் வரும்வரை அந்த மணலில் நின்று ஆட்டம் பார்ப்பதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக்கிக்கொண்டவன். முன்பு அவர்கள் ஆடிய பரப்பில் ஒரு பகுதியைக் கடலரிப்பு கொண்டுபோய்விட்டது. கரையோரத்துத் தென்னைகள் சாய்ந்த இடத்தில் இப்போது அலை புரளுகின்றது. மைதானம் ஒடுங்கிவிட்டதேயன்றி ஆட்டக்காரர் தொகை குறையவில்லை.

சென்ற கிழமை அப்படி நின்றபோது என் மாணவர் ஒருவர், இடது பின்காப்பாளராக ஆடுபவர், வியர்வை வழிய வந்து பக்கத்தில் நின்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், எங்கட ஆக்கள் அடுத்த முறையாவது வெல்லுவாங்களா?" என்று கேட்டார். "எங்கட ஆக்கள்" என்று அவர் குறித்தது இலங்கைத் தேசியக் கோஷ்டியை. அக்கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருந்தது என்பதை நான் அப்போது அறியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்பகுதியில் வழக்கமாக நூல்களையும் சொற்களையும் பற்றி எழுதிவரும் ஒருவன் இன்று பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதைக் கண்டு வாசகர்கள் முகஞ் சுளிக்க வேண்டாம். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வாரமாவது இவர் உருப்படியாக ஒன்றை எழுதினாரே என்பார்கள். பள்ளி நாட்களில் நானும் வலது பின்காப்பாளனாக ஆடியவன்தான். பந்து என் காலில் தங்கிய நேரத்தை விட என்னைக் கடந்து சென்ற நேரமே அதிகம் என்பதை என்னுடன் ஆடியோர் இன்றும் மறக்கவில்லை.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் உதைபந்தாட்டம் நேற்று முளைத்த செடியன்று. சங்கம் 1939இல் அமைந்தது. 1952இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபிஃபாவில் சேர்ந்தது. அதே 1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகள் கொழும்புக்கு வந்து நம்மவருடன் ஆடின. கொழும்புக் கிண்ணம் என்ற பெயரில் அப்போட்டி 1955 வரையில் ஆண்டுக்கொரு நாட்டில் நடந்தது. அதன் பின் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் மேலதிக நேரத்தில் அடித்த ஒரே கோலினால் இந்தியாவை வென்றோம். அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது. அதற்குப் பின் நாம் அக்கிண்ணத்தைத் தொட்டதில்லை. 2006இல் ஆசியச் சவால் கிண்ணத்தின் இறுதிவரை சென்று தஜிகிஸ்தானிடம் 4-0 என்று தோற்றோம். சொல்லிக்கொள்ளத்தக்கவை இவ்வளவே. சனத்தொகை ஐந்து இலட்சமளவேயுள்ள மாலைதீவு 2008இலும் 2018இலும் தெற்காசியக் கிண்ணத்தை வென்றது. 2008இன் இறுதியாட்டம் நடந்த இடம் நமது கொழும்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சற்று வலிக்கட்டும்.

ஆனால் நம்மவர் பலவீனர் என்று முடிவு கட்டுவதற்கு முன் சில ஆட்டங்களை அருகிலிருந்து பார்க்க வேண்டும். இனி வரும் பருவத்துக்கு என்ன தேவை என்பதைச் சொல்வதற்கு அவ்வாட்டங்களே சாட்சி.

2021 ஒக்டோபரில் மாலைதீவின் தலைநகரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடந்தது. ஐந்து நாடுகள், ஒவ்வொன்றும் மற்ற நான்குடனும் ஆட வேண்டும். பொஸ்னியாவில் பிறந்து அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அமீர் அலாகிச் என்பவர் அப்போது நமது பயிற்றுநர். முதலாம் திகதி பங்களாதேஷிடம் 1-0 என்று தோற்றோம். நான்காம் திகதி நேபாளத்திடம் 3-2. ஏழாம் திகதி இந்தியாவுடன் 0-0. பத்தாம் திகதி மாலைதீவிடம் 1-0. கிடைத்தது ஒரே புள்ளி. பத்திரிகைகளில் அட்டவணையின் அடியில் நம் பெயர். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த அட்டவணையை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். தோல்விகள் மூன்றும் ஒவ்வொரு கோல் வித்தியாசத்தால் வந்தவை. நான்கு ஆட்டங்களில் நாம் வாங்கியது ஐந்து கோல்கள். கிண்ணத்தை இறுதியில் வென்ற இந்தியா, தொண்ணூறு நிமிடம் முட்டிப் பார்த்தும் நமது கோலுக்குள் ஒரு பந்தைத்தானும் போட முடியவில்லை. ஆகவே காப்பதற்கு நமக்குத் தெரியும். அடிப்பதற்கு? நான்கு ஆட்டங்களில் இரண்டே கோல்கள், அவ்விரண்டும் ஒரே ஆட்டத்தில். போதாக்குறைக்குப் பத்து நாளுக்குள் நான்கு ஆட்டம். மூன்று நாளுக்கு ஒன்று. காப்பவன் ஓடும் ஓட்டம் தாக்குபவன் ஓடுவதைவிடக் களைப்பூட்டுவது, ஏனெனில் அவன் எப்போது எங்கே ஓடுவது என்பதை எதிரி தீர்மானிக்கிறான்.

காப்பரண் என்றதும் ஒருவரை நினையாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மன்னார் மண்ணின் மைந்தர் டக்சன் புஸ்லாஸ் அன்று நமது பின்னணியின் தூண்களில் ஒருவர். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் அவர் காலமானார். உதைபந்தாட்டத்தை உயிராகக் கொண்ட அந்தக் கரையோர மாவட்டம் அவரைப் போன்ற ஒருவரைத் தந்தது; அவர் விட்ட இடம் இலேசில் நிரம்பும் இடமன்று.

இனி அதே 2021 நவம்பர். கொழும்பில் நான்கு நாடுகளின் போட்டி. இம்முறை மாலைதீவுடன் 4-4! பங்களாதேஷை 2-1 என்று வென்றோம். இறுதியாட்டத்தில் சீஷெல்ஸுடன் 3-3 என்று சமநிலை. தண்ட உதைகளில் கிண்ணம் அந்தச் சின்னஞ்சிறு தீவுக்குப் போனது. அதன் சனத்தொகை நமது பெரிய நகரமொன்றின் அளவுதான் இருக்கும். ஒக்டோபரில் கோல் அடிக்கத் தெரியாதிருந்த கோஷ்டி நவம்பரில் நாலும் மூன்றுமாக அடித்தது. ஆனால் அடித்த அளவுக்கு வாங்கியும் கொண்டது. ஒரு மாதத்துக்குள் ஒரு கோஷ்டி இரண்டு கோஷ்டியாகிவிட்டதா? அல்ல. முதலாவது போட்டியில் பின்னே நின்றார்கள், முன்னே ஆளில்லை. இரண்டாவதில் முன்னே போனார்கள், பின்னே ஆளில்லை. நடுவில் இருக்க வேண்டியது இரண்டு முறையும் இல்லை.

நமது கோஷ்டியின் நோய் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதைச் சற்று விரித்துச் சொல்ல வாசகர்கள் பொறுமை காட்ட வேண்டும்.

ஆடுகளம் சர்வதேச ஆட்டங்களில் பெரும்பாலும் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். பலம் மிக்க கோஷ்டியுடன் ஆடும்போது நம்மவர் பத்துப் பேரும் தம் கோலுக்கு முன்னே முப்பது முப்பத்தைந்து மீற்றருக்குள் வந்து இரண்டு வரிசையாக நின்றுவிடுகிறார்கள். அது தவறன்று, உலகத்திலே பல கோஷ்டிகள் அப்படி நின்றே வென்றிருக்கின்றன. நெற்போர் அடுக்கியது போல நெருக்கமாக நின்றால் எதிரி உள்ளே நுழைய வழியில்லை. இந்தியாவை மறித்தது அவ்வகை நெருக்கமே. சங்கடம் பந்து நம் காலுக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிறது. எடுத்தவர் எடுத்த வேகத்தில் அதை வானத்தை நோக்கி உதைத்துவிடுகிறார். தூரத்தே நம் முன்னணி வீரர் ஒருவர் தனிப்பனை போல நிற்கிறார். அவருக்கும் அவருடைய அடுத்த தோழருக்கும் இடையே நாற்பது மீற்றர். அவரைச் சுற்றி எதிரியின் காப்பாளர் இருவர், மூவர். அவர் என்ன மந்திரவாதியா? பந்து அரை நிமிடத்துக்குள் திரும்பி வந்து நம் வாசலில் நிற்கின்றது. நாம் மீண்டும் மறிக்கிறோம், மீண்டும் உதைக்கிறோம். எழுபது நிமிடம் இவ்வாறு மறித்தவன் எழுபத்தோராம் நிமிடத்தில் ஓர் அடி பிந்துகிறான். அந்த ஓர் அடியே கோல்.

நமது தோல்விகளைக் கடைசி இருபது நிமிடத்துத் தோல்விகள் என்று பலர் சொல்வார்கள். உடல் வலு போதாது என்பார்கள். உடல் வலுவும் வேண்டும்தான். ஆயினும் என் எண்ணம் சற்று வேறு. கடைசி இருபது நிமிடம் முதல் எழுபது நிமிடத்தில் செலவாகிவிடுகின்றது. பந்து நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் காப்பாளருக்கு ஓய்வு. அவ்வோய்வை அவர்களுக்குக் கொடுப்பவர் நடுக்கள வீரர். பந்தை வாங்கி, எதிரி முதுகில் மோதும்போதும் பதறாமல், பக்கத்தில் ஒருவருக்குக் கொடுத்து, மீண்டும் வாங்கி, மூன்று நான்கு கைமாற்றம் செய்தால் போதும். அதற்குள் நம் வரிசைகள் பதினைந்து மீற்றர் முன்னேறிவிடும். தனிப்பனைக்கும் தோப்புக் கிடைத்துவிடும். அடுத்த பருவத்துக்கு நம் கோஷ்டிக்கு வேண்டிய முதலாவது பொருள் கோல் அடிப்பவர் அல்லர். பந்தைத் தொலைக்காத இரண்டு நடுக்கள வீரர்கள்.

இதைச் சொன்னவுடன் என் மாணவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "சேர், கோல் அடிக்காம எப்பிடி வெல்றது?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு நான் லெபனான் ஆட்டத்தைச் சுட்டிக்காட்டினேன். 2021 யூன் ஐந்தாம் திகதி, உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று. தரவரிசையில் நம்மைவிட நூறு படிக்கு மேல் உயர்ந்திருந்த லெபனானுக்கு எதிராக நாம் இரண்டு கோல் அடித்தோம். இரண்டையும் அடித்தவர் அஹமட் வசீம் றாசீக். ஜெர்மனியில் பிறந்து அங்கேயே ஆட்டம் பயின்றவர். ஆட்டம் 3-2 என்று தோல்வியில் முடிந்தது. நான்கு நாள் கழித்துத் தென் கொரியாவிடம் 5-0. அடிப்பவர் இருந்தார், அடித்தார். அவர் அடித்ததைக் காத்து வைக்க வழியில்லாமற் போனது. வருமானம் இருந்தும் வீட்டில் பெட்டி இல்லாதவன் கதை.

இதற்கிடையே 2023 ஜனவரியில் ஃபிஃபா நமது சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் தடை நீங்கியது. அந்த ஏழு மாதத்துக்குள் நடந்த தெற்காசியக் கிண்ணம் நமக்கு இல்லாமற் போனது. நிர்வாகச் சண்டையில் வீரன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். இதைப்பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை; எழுதினால் மை வீண். தடை நீங்கிய கையோடு ஒக்டோபரில் யேமனுடன் ஆடி முதலாவதில் 3-0 என்று தோற்று, கொழும்பில் நடந்த இரண்டாவதில் 1-1 என்று சமன் செய்தார்கள். ஏழு மாதம் பட்டினி கிடந்தவன் எழுந்து நடந்ததற்கு அது மோசமில்லை.

பிறகு குவைத் நாட்டவரான அப்துல்லா அல்முதைரி பயிற்றுநரானார். 2024 செப்ரெம்பரில் கம்போடியாவுடன் இரண்டு ஆட்டங்கள்: முதலாவது 0-0, இரண்டாவது 2-2, முடிவு தண்ட உதைகளில். இம்முறை நாம் வென்றோம். பதினொரு மீற்றர் தூரத்தில் பந்தை வைத்து, 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் உள்ள வாசலில் ஒருவனை நிறுத்தி உதைக்கும் அந்த உதையை அதிர்ஷ்டம் என்று பலரும் கருதுவர். சீஷெல்ஸுடன் தோற்றதும் கம்போடியாவை வென்றதும் அதிர்ஷ்டமா? ஓரளவு. ஆனால் களைத்த காலோடு உதைத்துப் பழகியவனுக்கும், காலையில் புத்துணர்ச்சியோடு மட்டும் உதைத்துப் பழகியவனுக்கும் வித்தியாசம் உண்டு. பயிற்சியின் கடைசியில், மூச்சு வாங்கும்போது, தோழர்கள் சுற்றிநின்று கேலி செய்ய, ஐந்து உதை. ஒலுவில் மணலில் இதை இப்போது செய்து பார்க்கிறார்கள். கேலிக்குக் குறைவில்லை.

அந்த வெற்றியால் 2025இல் ஆசியக் கிண்ணத் தகுதியின் இறுதிச்சுற்றுக்கு வந்தோம். தாய்லாந்து, துருக்மெனிஸ்தான், சீன தாய்ப்பே நம் தொகுதியில். முதலிடம் பெறுபவருக்கே சவூதி அரேபியாவில் 2027இல் நடக்கும் கிண்ணத்தில் இடம். அது நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் மூன்று ஆட்டங்களைக் கவனியுங்கள். மார்ச் 25ஆம் திகதி பாங்கொக் நகரில் தாய்லாந்திடம் 1-0 தோல்வி. யூன் 10ஆம் திகதி கொழும்பில் சீன தாய்ப்பேயை 3-1 என்று வென்றோம். நவம்பர் 18ஆம் திகதி அதே கொழும்பில் அதே தாய்லாந்திடம் 4-0.

அந்நியர் மண்ணில் ஒரு கோல் மட்டும் வாங்கியவர்கள் சொந்த மண்ணில் நான்கு வாங்கினார்கள். ஏன்? தாய்லாந்தும் மார்ச்சில் வந்த தாய்லாந்தாக இருந்திருக்காது, அது வேறு. எனக்குத் தோன்றுவது இது: வெளியூரில் காத்து நிற்பதற்கு யாரும் குறை சொல்வதில்லை. உள்ளூரில், நம் சனம் பார்த்துக்கொண்டிருக்க, முன்னே போகத்தான் மனம் இழுக்கும். போவதற்கு நடுவில் பாலம் வேண்டும். பாலமின்றி ஆற்றில் இறங்கியவனைத் தாய்லாந்து போன்ற கோஷ்டி ஆழத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். சீன தாய்ப்பே அவ்வளவு வேகமாகத் திருப்பித் தாக்கக்கூடியதன்று. ஆதலின் அங்கே நமது முன்னேற்றம் பலித்தது. ஆகவே சமபலமுள்ளோருக்கு ஒரு திட்டம், பெரியோருக்கு ஒரு திட்டம் என இரண்டு ஆடைகள் நம் பெட்டியில் இருத்தல் வேண்டும். பெரியோருடன் உள்ளூரில் ஆடும்போதும் வெளியூர்ச் சட்டையைப் போட்டுக்கொள்ள வெட்கப்படக் கூடாது.

மாற்று வீரர் விஷயத்தையும் ஒரு வார்த்தை. முன்பு மூவரைத்தான் மாற்றலாம். 2020இல் தற்காலிகமாக ஐவர் என்றாகி, 2022இல் அது விதியாகவே நிலைத்துவிட்டது. கோல் காப்பாளர் நீங்கலாகக் களத்தில் நிற்கும் பத்து வீரரில் பாதிப் பேரை மாற்றலாம். நம் வெயிலில் அறுபதாவது நிமிடத்தில் இரு பக்கத்து ஓட்ட வீரரையும் ஒருங்கே மாற்றத் துணியும் பயிற்றுநருக்குக் கடைசி இருபது நிமிடம் எதிரியின் சொத்தாகாது. துணியாமல் எண்பத்தைந்தாம் நிமிடம்வரை காத்திருப்பவருக்கு விதி ஐந்து கொடுத்தாலும் ஐம்பது கொடுத்தாலும் ஒன்றே.

கோல் காப்பாளரைப் பற்றி. சுஜான் பெரேரா பல ஆண்டுகளாக நமது வாசலையும் தலைமையையும் ஒருங்கே சுமந்தவர். 1992இல் பிறந்தவர். கோல் காப்பாளருக்கு அது முதுமையன்று. ஆனால் அடுத்தவரை ஆயத்தம் செய்யும் வயது. இரண்டாவது காப்பாளருக்குச் சிறிய ஆட்டங்களிலாவது முழுத் தொண்ணூறு நிமிடம் கொடுத்துப் பழக்காவிட்டால், ஒருநாள் காலையில் எழுந்து ஆளைத் தேடவேண்டி வரும்.

இப்போது பலரும் விவாதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கோஷ்டியில் இன்று வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த நம் வமிசத்தவர் பலர். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் டைனமோ கழகத்துக்கு ஆடிய கிளாடியோ கமர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் றோர் கழகத்தில் நெடுங்காலம் ஆடிய ஜாக் ஹிங்கர்ட், இலண்டனில் குவீன்ஸ் பார்க் றேஞ்சர்ஸ் கழகத்து இளைஞர் அணியில் வளர்ந்த டிலன் டி சில்வா ஆகியோரை உதாரணமாகச் சொல்லலாம். இவர்களால் ஆட்டத்தின் தரம் உயர்ந்ததில் சந்தேகமில்லை. நம் பையன்களின் இடத்தைப் பிடித்துவிட்டார்களே என்று முணுமுணுப்போரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டி பிறந்த நாட்டுக்காக ஆட, அரைப் பூமியைக் கடந்து ஒருவன் வருகிறான் என்றால் அவனை வாசலில் நிறுத்தி விசாரிப்பது நம் வழக்கமன்று.

ஆனால் ஒன்று. இங்கே வயல் செய்வோர் அறிந்த உவமையொன்றால் சொல்கிறேன். கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் நிறைந்திருக்கலாம். ஆனால் வாய்க்கால் கடைசியில் கிடக்கும் எங்கள் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வரவேண்டுமானால் இடையிலுள்ள வாய்க்கால்களெல்லாம் துப்புரவாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வீரர் சமுத்திரத்து நீர். உள்ளூர் லீக்குகள் வாய்க்கால்கள். ஆட்டத்துக்குச் சில நாள் முன் விமானத்தில் வந்து இறங்கும் ஒருவரும், மாதக்கணக்கில் போட்டி ஆட்டமில்லாதிருந்த உள்ளூர் வீரர் ஒருவரும் அடுத்தடுத்து நிற்கும்போது, ஒருவர் ஓடும் இடத்தை மற்றவர் எப்படி அறிவார்? கண்ணால் பேசிக்கொள்ளும் பழக்கம் ஆட ஆட வருவது. 2021இல் பத்துக் கழகங்களுடன் சுப்பர் லீக் ஒன்று நடந்தது. களுத்துறை புளூ ஸ்டார் கழகம் வென்றது. அத்தகைய போட்டி இடையறாது ஆண்டுதோறும் நடந்தாலன்றி நான் மேலே கேட்ட அந்த இரண்டு நடுக்கள வீரர்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நடுக்கள வீரன் மட்டுமே முற்றிலும் ஆட்டத்தால் ஆக்கப்படுபவன். வேகம் பிறப்பில் வரலாம். உயரம் பிறப்பில் வரலாம். எந்த நேரத்தில் பந்தை நிறுத்த வேண்டும் என்ற அறிவு நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் தோற்றுத்தான் வரும்.

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களில் காலுக்குப் பஞ்சமில்லை. மணலில் ஆடி வளர்ந்த பிள்ளைக்குக் கெண்டைக்காலில் வலு உண்டு. குறையும் அங்கேதான். மணலில் பந்து உருளாது. ஆகவே தூக்கி அடிக்கவே பழகுகிறார்கள். புல்தரையில் விட்டால் தரையோடு பந்தைக் கொடுக்கத் தடுமாறுகிறார்கள். தேசியக் கோஷ்டியின் நோய் எங்கே பிறந்தது என்று தேடி நான் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. பஸ் தரிப்பிடத்திலிருந்தே பார்த்துவிட்டேன்.

அந்த மாணவரின் கதைக்கு வருகிறேன். கோஷ்டி வெல்லுமா என்று கேட்டாரல்லவா? மறுநாள் விரிவுரை முடிந்து எல்லாரும் போன பின் தனியே வந்தார். கொழும்பில் ஒரு கழகம் புதிய வீரரைத் தெரிவு செய்ய அழைத்திருக்கிறது. அதே மாதத்தில் கட்டாரில் ஒரு வேலைக்கு மாமா வழி பார்த்துவிட்டார். வாப்பா கடற்றொழில் செய்பவர். தோணியால் வரும் வருமானம் முன்போல் இல்லை. "சேர், நம்மட கோஷ்டிக்கு முன்னேற்றம் இருக்கெண்டா நான் போய்ப் பார்ப்பன். இல்லாட்டி வீணா ஏன்?" என்றார்.

நான் என்ன சொல்வது? உதைபந்து இந்நாட்டில் சோறு போடும் தொழிலன்று. கழகத்தில் ஆடுவோரில் பலர் பகலில் வேறு தொழில் செய்பவர்கள். இராணுவம், கடற்படை, பொலிஸ் என்று சீருடையணிந்து அதன் கோஷ்டிகளில் ஆடுவோரும் பலர். இவற்றை மறைக்காமல் சொன்னேன். பட்டத்துக்கு இன்னும் இரண்டு தவணை இருக்கின்றது; அதை முடிக்காமல் கட்டாருக்கும் போக வேண்டாம், கழகத்துக்கும் போய்த் தங்கிவிட வேண்டாம் என்றேன். ஆனால் தெரிவுக்கு ஒருநாள் போய்வருவதில் நட்டமொன்றுமில்லை; இரண்டு இரவு நித்திரையும் பஸ் கூலியும்தான். இடது காலால் ஆடும் பின்காப்பாளர் எந்தக் கோஷ்டிக்கும் அரிய பொருள். அவருக்கு அக்குணம் இயல்பாகவே உண்டு. குறை என்னவெனில் பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முன்னே அடித்துவிடுவார். அதைத் திருத்தக் கலாசாலையின் ஒரு சுவரைக் காட்டினேன். சுவரில் சோக்கட்டியால் இரண்டு வட்டம், முழங்கால் உயரத்துக்குக் கீழே. தரையோடு உதை, திரும்பி வருவதை ஒரே தொடுகையில் நிறுத்து, மறு வட்டத்துக்கு உதை, உதைக்குமுன் ஒரு முறை தலையைத் தூக்கிப் பின்னே பார். நாளொன்றுக்கு இருநூறு. காவலாளி முதல் நாள் என்னிடம் முறைப்பாடு கொண்டுவந்தார். மூன்றாம் நாள் அவரே நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

சென்ற வியாழக்கிழமை இரவு அவர் கொழும்பு பஸ் ஏறினார். நானும் தரிப்பிடத்துக்குப் போயிருந்தேன். சப்பாத்தை ஒரு சீலைப்பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். உம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொதி மறு கையில். அவரது வாப்பா சாரத்தை மடித்துக் கட்டியபடி சற்றுத் தள்ளியே நின்றார். பஸ் புறப்பட்ட பிறகுதான் என்னருகே வந்தார்.

"சேர், இவன் எந்த இடத்தில நிண்டு ஆடுறவன்?"

"இடது பக்கம், பின்னுக்கு" என்றேன்.

"பின்னுக்கா?" அவர் முகம் சற்று வாடியது. "அப்ப கோல் அடிக்க ஏலாதே."

அவருக்கு நடுக்களத்தையும் கடைசி இருபது நிமிடத்தையும் விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். என்னுடைய பஸ்ஸும் வந்துவிட்டது. "நீங்க போங்க சேர், நாளைக்குச் சொல்லுங்க" என்றார்.